ஹாங்காங் கண்காட்சி மையத்தில் பனையோலைப் பெட்டிக்கு ஸ்டால் எடுக்கலாமா?

முளகுமூடு ஓலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மகளிர் குழுவில் பனையோலைப் பெட்டி, வட்டி என்கிற ஓலைக் கூடை, மூடி வைத்த டப்பா எல்லாம் முடைகிறோம். கல்யாண வீட்டில் தாம்பூலம் வைத்துக் கொடுக்க, பலகாரம் போட்டுக் கொடுக்க என்று நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் நன்றாகவே போகிறது.

போன மாதம் கன்னியாகுமரியில் எங்களிடம் சரக்கு எடுக்கிற ஒரு கடைக்காரர் சொன்னார்: ஹாங்காங்கில் கடலை ஒட்டி பெரிய மாநாட்டு, கண்காட்சி மையம் இருக்கிறது, ஏப்ரல் கடைசியில் அங்கே பரிசுப் பொருள் சந்தை நடக்கும், உலகம் முழுக்க இருந்து வாங்குகிறவர்கள் வருவார்கள், நீங்கள் ஒரு ஸ்டால் எடுங்கள் என்று. அன்றிலிருந்து குழுவில் இதே பேச்சு. கடன் வாங்கியாவது போகலாம் என்கிறார்கள் சிலர்.

நானும் இன்னொரு அக்காவும் போவதாக யோசனை. கேட்க வேண்டியது இதுதான். ஸ்டாலில் வைக்கிற பெட்டிகளைக் கடைசி நாளில் அங்கேயே விற்று டிக்கெட் காசையாவது எடுத்துவிட முடியுமா? அந்தக் கடைக்காரர் தன் சங்கு விளக்கு, சோழி மாலை, கீ செயின் எல்லாம் ஒரு பெட்டி தருகிறேன், கொண்டுபோய் வையுங்கள் என்கிறார், வைக்கலாமா? என் மகள் பத்தாம் வகுப்பு முடிக்கிறாள், அவளையும் கூட்டிப்போய் ஒரு பெரிய இடத்தைக் காட்டலாம் என்று ஆசை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களை மாதிரி சின்னக் குழுவுக்கு அது சரிப்பட்டு வருமா? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கோட்டாறு அக்கா எழுதியது:

மக்களே, நான் வீட்டுத் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் வான்சாயில் இருக்கிற அந்த மையத்தில் ஸ்டாலில் நின்றிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சட்டம் சம்பந்தப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் ஹாங்காங்குக்குச் சும்மா போய் வர விசா வேண்டாம். ஆனால் 2017 ஜனவரியிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. ஒரு தடவைக்கு 14 நாள் வரை தங்கலாம். இப்படிப் பார்வையாளராகப் போகிறவர் கண்காட்சியில் பங்கெடுக்கலாம், வியாபாரம் பேசலாம், ஒப்பந்தம் போடலாம். பொதுமக்களுக்கு நேரடியாகப் பொருள் விற்கக் கூடாது. ஸ்டால் கட்டுகிற வேலையையும் செய்யக் கூடாது. ஆகவே கடைசி நாளில் பெட்டியை விற்று டிக்கெட் காசு எடுக்கிற யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். யாரோ பக்கத்து ஸ்டாலில் விற்றார்கள் என்று கேள்விப்பட்டு நீங்களும் செய்தால், மாட்டுவது நீங்கள்தான்.

சங்கு, சோழி விஷயம் அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது. நம் கன்னியாகுமரிக் கடைத்தெருவில் தொங்குகிறது என்பதால் எல்லாமே வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஆகிவிடாது. சங்கு, சிப்பி வகைகளில் பல 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. நாட்டிலஸ், ராட்சத மட்டிச் சிப்பி போன்றவை அழியும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையிலும் வருகின்றன, ஹாங்காங்கில் அதற்குத் தனிச் சட்டமே உண்டு. ஒரு கீ செயினில் தொங்குவது எந்த உயிரினத்தின் ஓடு என்று உங்களால் எழுதிக் கொடுக்க முடியாது, கடைக்காரராலும் முடியாது. விமான நிலையத்தில் பிடித்தால் பை உங்கள் பேரில் இருக்கும். அவரிடம் மரியாதையாக முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

மகளைச் சந்தைக்குள் விடமாட்டார்கள். அது வியாபாரிகளுக்கு மட்டுமான சந்தை, 18 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை. நாள் முழுக்க வெளியே அவளை யாரிடம் விட்டு வைப்பீர்கள்? இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த இடத்தைப் பற்றி. வான்சாய் என்பது ஹாங்காங் தீவின் வடகரையில் இருக்கிற ஒரு பகுதி. மையத்தின் முதல் கட்டடம் 1988-ல் வந்தது. அது போதாமல் கடலுக்குள் மண் கொட்டி ஒரு செயற்கைத் தீவு எழுப்பி, அதன் மேல் இரண்டாவது கட்டடத்தைக் கட்டி 1997-ல் முடித்தார்கள். பறவை சிறகு விரித்தது போல் கூரை இருக்கிற படம் பார்த்திருப்பீர்களே, அதுதான். 1997 ஜூன் 30 நள்ளிரவில் பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த விழா நடந்தது அந்தப் புதுக் கட்டடத்தில். அப்புறம் 2009-ல் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருந்த இணைப்பையும் அகலப்படுத்தி அரங்கமாக்கினார்கள். இப்போது வாடகைக்கு விடுகிற இடம் மட்டும் 90,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 22 ஏக்கருக்கும் அதிகம்.

இதில் உங்களுக்கு முக்கியமானது, அங்கே நிலம் கிடைக்காததால் அரங்கங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். 1, 3, 5 என்று தள எண்ணை வைத்து அரங்கம், அதற்குள் ஏ, பி, சி என்று பிரிவு. ஒரு தளத்துக்கு வந்த வியாபாரி எஸ்கலேட்டர் ஏறி அடுத்த தளத்துக்கு வருவார் என்று நம்பி உட்காரக் கூடாது. தனக்கு வேண்டிய பொருள் பிரிவு எந்த அரங்கத்தில் இருக்கிறது என்று பார்த்து நேரே அங்கே போவார், முடிந்ததும் கிளம்பிவிடுவார். அதனால் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று எழுதுகிற அந்த ஒரு வரியை யோசித்து எழுத வேண்டும். ஓலைப்பெட்டியை 'பொதுவான பரிசுப் பொருள்' என்று போட்டால் பிளாஸ்டிக் பேனாவுக்கும் போன் சார்ஜருக்கும் நடுவில் உட்கார வைத்துவிடுவார்கள். பேக்கிங் பொருள், இயற்கைப் பொருள் இந்த மாதிரிப் பிரிவு கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

சாதாரண ஸ்டால் 3 மீட்டருக்கு 3 மீட்டர். நம் வீட்டு அறை அளவுகூட இல்லை. மூன்று பக்கம் தடுப்பு, மேலே நிறுவனப் பெயர்ப் பலகை, விளக்கு, ஒரு மேசை, சில நாற்காலி, குப்பைக் கூடை. இதற்கு மட்டுமே சில ஆயிரம் அமெரிக்க டாலர் போய்விடும். கூடுதலாக அலமாரியோ விளக்கோ கேட்டால் ஒவ்வொன்றுக்கும் காசு, கடைசி நேரத்தில் கேட்டால் இன்னும் அதிகம்.

இவ்வளவும் எழுதினேன், ஆனால் நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு ஒன்று. ஸ்டாலுக்கு வருகிற ஆள் பெட்டியைக் கையில் எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். அழகாக இருக்கிறது என்று சொல்வார். அடுத்த வாக்கியம், "மாதம் எத்தனை கொடுப்பீர்கள்?" இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் உங்கள் கையில் இருக்கிறதா? அதற்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். அந்த வெளிச்சத்தில், அந்தக் கூட்டத்தில், எதிரே நல்ல கோட்டுப் போட்ட ஒருவர் 20,000 பெட்டி என்று சொல்லும்போது முடியாது என்று சொல்ல வாய் வராது. தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்து, இரவு பகலாகப் பெண்களை உட்கார வைத்து, அவசரத்தில் முடைந்தது தரமில்லை என்று திரும்பி வந்து, கூலிக்கு வழியில்லாமல் குழு உடைந்ததை நான் வேறொரு மாவட்டத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டி முடைகிற பெண்ணுக்கு ஹாங்காங் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வாரக் கூலி. அந்தக் கூலியை வைத்து நாம் அங்கே போய்ப் பேசுகிறோம் என்கிற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும்.

ஆகவே இந்த ஏப்ரலில் ஸ்டால் வேண்டாம் என்பது என் கருத்து. போக வேண்டுமென்றால் வாங்குகிறவர் மாதிரிப் பதிவு செய்து ஒருவர் மட்டும் சும்மா போய்ப் பாருங்கள். வியட்நாம், பிலிப்பைன்ஸ், சீனக் கூடைக்காரர்கள் ஸ்டாலில் நில்லுங்கள். அவர்கள் என்ன அளவில் செய்கிறார்கள், எப்படி அடுக்குகிறார்கள், என்ன விலை சொல்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.


திங்கள்சந்தை எழுதியது:

அக்கா சொன்னதில் பெரும்பாலும் எனக்கு ஒப்புதல்தான். ஆனால் 'சும்மா போய்ப் பார்' என்பதில் மட்டும் ஒப்புதல் இல்லை. சும்மா பார்க்க ஹாங்காங் வரை எதற்கு? கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் கிரேட்டர் நொய்டாவில் கைவினைச் சந்தை நடத்துகிறது. அங்கேயும் வெளிநாட்டு வியாபாரிகள்தான் வருகிறார்கள், அதுவும் இந்தியக் கைவினைப் பொருளைத் தேடியே வருகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏறினால் டெல்லி. பாஸ்போர்ட் வேண்டாம், டாலர் வேண்டாம். ஹாங்காங்கில் நீங்கள் ஆயிரம் பேரில் ஒருவர். அங்கே வருகிற ஆளில் பெரும்பாலோர் மின்னணுப் பொருள், பரிசுப் பொருள் என்று மலிவாக, மொத்தமாக எடுக்க வருகிறவர்கள்.

இன்னொன்று. ஹாங்காங்கே போவதாக இருந்தாலும் தனியாக ஸ்டால் எடுக்காதீர்கள். அந்தக் கவுன்சிலில் உறுப்பினராகச் சேர்ந்தால் இந்தியக் குழுவாகப் போகும்போது அதில் ஒரு மூலை கிடைக்கும். மத்திய வணிகத் துறையின் சந்தை அணுகல் திட்டத்தில் ஸ்டால் வாடகை, விமானக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. அது பிறகுதான் வரும், முதலில் கைக்காசு போட வேண்டும், இதை மறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றுமதி, இறக்குமதிக் குறியீட்டு எண் எடுங்கள். அது இல்லாமல் ஒரு பெட்டிகூட முறையாக வெளியே போகாது. முடைந்த கூடை, பெட்டி வகைக்குச் சுங்கத் தலைப்பு 4602. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் கேட்பார்கள்.

அப்புறம் ஒரு ஆதங்கம். இவ்வளவு கடற்கரை வைத்திருக்கிறோம். 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம் போட்டு விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்துவிட்டார்கள். நம் கரையிலும் கடலைப் பார்த்து இப்படி ஒரு கண்காட்சி மையம் வந்தால் ஓலைப்பெட்டி, மட்டிப்பழம், கிராம்பு, தோவாளைப் பூ எல்லாம் இங்கேயே விற்காதா? வாங்குகிறவன் நம்மைத் தேடி வருவானே!


தூத்தூர் கரை எழுதியது:

திங்கள்சந்தை அண்ணே, உங்கள் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் கடலில் மண் கொட்டிக் கட்டுகிற பேச்சு வந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

ஹாங்காங் தீவுக்கும் கவுலூனுக்கும் நடுவில் இருக்கிறது விக்டோரியா துறைமுகம். இரண்டு பக்கமும் நிலம் மறைத்த தண்ணீர். நம்முடையது திறந்த கடல். ஆனி, ஆடியில் அலை வந்து எங்கள் வீட்டுச் சுவரில் மோதுகிறது. ஒரு ஊரில் தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் தடுப்பு போட்டால் அடுத்த ஊரின் மணல் போய்விடுகிறது, இதைக் குளச்சலிலிருந்து நீரோடி வரை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். 2004 சுனாமியில் கொட்டில்பாடு, மேலமணக்குடி என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். 2017 ஒக்கியில் ஆழ்கடலுக்குப் போன எங்கள் ஆட்களை எத்தனை நாள் தேடினோம் என்பதும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாங்காங்காரர்களே துறைமுகத்தில் கடலை நிரப்பியது போதும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அந்த இரண்டாவது கட்டடம் முடிந்த அதே 1997-ல் துறைமுகத்தைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது. பிறகு வான்சாயில் இன்னும் நிரப்பப் போனபோது வழக்கு போட்டு, 2004-ல் அவர்களின் உச்ச நீதிமன்றம் பொதுமக்களுக்கு வேறு வழியே இல்லாத தேவை என்று நிரூபித்தால்தான் கடலைத் தூர்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. மையம் வேண்டுமென்றால் நாகர்கோவிலில் நிலத்தில் கட்டட்டும். கடல் தெரிய வேண்டும் என்று கட்டாயமா?

அந்தக் கட்டடத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 2005 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு அங்கேதான் கூடியது. கொரியாவிலிருந்து வந்த விவசாயிகள் வெளியே போராடினார்கள், தடுப்பைத் தாண்ட முடியாமல் துறைமுகத் தண்ணீரில் குதித்து நீந்தினார்கள். உள்ளே எழுதிய அறிக்கையில் மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒரு பகுதி வந்தது. அந்தப் பேச்சு இழுத்து இழுத்து 2022 ஜூனில் ஜெனீவாவில் ஒரு ஒப்பந்தமாக ஆனது. எங்கள் வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் மானியம் கிடைக்குமா என்பதும் இந்த மாதிரிப் பேச்சில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பரிசுப் பொருள் மட்டும் விற்கவில்லை என்று சொல்லத்தான் எழுதினேன்.

முளகுமூடு அக்கா, உங்கள் கேள்விக்கு இதில் பதில் இல்லை, மன்னிக்கவும். பெட்டி நல்லபடியாகப் போகட்டும்.


முளகுமூடு ஓலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சங்குப் பெட்டி வேண்டாம் என்று கடைக்காரரிடம் இன்றே சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், பரவாயில்லை.

கோட்டாறு அக்கா, மாதம் எத்தனை என்ற கேள்வியை நேற்று குழுவில் கேட்டேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முடைகிற கை இருக்கிறது. ஓலைதான் சிக்கல். பனையேறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். நல்ல பெட்டிக்குக் குருத்தோலை வேண்டும், அதை மரத்துக்கு அளவாகத்தான் எடுக்க முடியும், கூடுதலாக எடுத்தால் மரம் கெடும். முற்றிய சாரோலையில் முடைந்தால் கடவம் என்கிற பெரிய கூடைதான் வரும், அதைப் பரிசுப் பெட்டி என்று கொடுக்க முடியாது. மழைக் காலத்தில் ஓலை காய்வதும் இல்லை. இதையெல்லாம் அங்கே சொன்னால் எழுந்து போய்விட மாட்டார்களா?

இன்னும் ஒன்று. ஸ்டால் எடுக்கிறோம் என்று ஒரு இணையதளத்தில் பெயர் கொடுத்ததற்கே, கண்காட்சிக் கையேட்டில் இலவசமாகப் பெயர் போடுகிறோம், இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பலாமா?


கோட்டாறு அக்கா எழுதியது:

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்! கண்காட்சி நடத்துகிறவர்கள் பேரில் வருவது மாதிரி இருக்கும், கீழே சின்ன எழுத்தில் பல வருடத்துக்குக் கட்டணம் என்று இருக்கும். கையெழுத்துப் போட்டால் பிறகு ஒவ்வொரு வருடமும் யூரோவில் பில் அனுப்பி மிரட்டுவார்கள். வந்த வியாபாரிகளின் முகவரிப் பட்டியல் விற்கிறோம் என்றும் மின்னஞ்சல் வரும், அதையும் தொடாதீர்கள். நடத்துகிறவர்களின் சொந்த இணையதளத்தில் உள்நுழைந்து பார்க்கிறதைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

குருத்தோலைக் கணக்கைச் சொன்னால் எழுந்து போவார்களா என்று கேட்டீர்கள். சிலர் போவார்கள். போகட்டும், அவர்கள் உங்களுக்கான ஆள் இல்லை. ஆனால் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சின்னக் கடை வைத்திருக்கிறவர்கள் வருவார்கள். "மாதம் 600 பெட்டிதான், ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் கிடையாது, காரணம் இது" என்று நீங்கள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். மரம் கெடாமல் எடுக்கிறோம் என்பதை அவர்கள் தங்கள் கடையில் எழுதி ஒட்டுவார்கள். உங்களுக்கு உண்மையாக எவ்வளவு வருமோ அதையே எழுதுங்கள், 600 நான் பேச்சுக்குச் சொன்னது.

திங்கள்சந்தை தம்பி சொன்ன நொய்டா யோசனையை நான் ஏற்றுக்கொள்கிறேன், முதல் அடி அதுவாகவே இருக்கட்டும். செலவு குறைவு, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் பக்கத்தில் இருப்பார்கள். ஆனால் ஹாங்காங்கைப் பார்க்கவே வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியாது. நொய்டாவில் உங்களோடு போட்டி போடுவது மொராதாபாத் பித்தளையும் சகாரன்பூர் மரவேலையும். உங்கள் உண்மையான போட்டி வியட்நாம் கூடை, அதை ஒரே கூரையின் கீழ் பார்க்க வான்சாய் நல்ல இடம். நொய்டாவில் இரண்டு மூன்று ஆர்டர் முடித்த பிறகு, அதில் வந்த காசிலேயே போங்கள். கடன் வாங்கி வேண்டாம்.

போகிற காலத்துக்கு இப்போதே சில விஷயம் சொல்லி வைக்கிறேன். ஹாங்காங்கில் ஏப்ரல் மாதம் காற்றில் ஈரம் பிசுபிசுவென்று இருக்கும், சுவரும் தரையும் வியர்க்கும். ஓலைக்கு அது ஆகாது, இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். மாதிரிப் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டுப் பிளாஸ்டிக் பையில் ஒட்டிக் கொண்டுபோங்கள். அறையில் திறந்து வைக்காதீர்கள். அரங்கத்துக்குள் குளிர்சாதனம் பயங்கரம், நம் ஊர்ச் சேலையில் நாள் முழுக்க நிற்க முடியாது, ஒரு சால்வை கட்டாயம். மின்சாரம் ஏறக்குறைய நம் ஊர் மாதிரி, 220 வோல்ட்தான், பிளக் மட்டும் பிரிட்டன் வகை, செவ்வகக் கால் மூன்று. நம் சார்ஜர் ஏறாது, மாற்றுச் சொருகி இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கண்காட்சி எந்த இடத்தில் என்பதை இரண்டு தடவை படியுங்கள். விமான நிலையத்தை ஒட்டி ஏசியாவேர்ல்டு எக்ஸ்போ என்று இன்னொரு பெரிய மையம் இருக்கிறது. அதற்கும் வான்சாய்க்கும் நல்ல தூரம். நகைக் கண்காட்சிகள் சிலவற்றை இரண்டு இடத்திலும் பிரித்து நடத்துவார்கள். தப்பான இடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துவிட்டால் தினமும் அலைச்சல்.

தங்க வான்சாயில் வாடகை அதிகம். மையத்தை ஒட்டியே இருக்கிற ஓட்டல்கள் நமக்கு இல்லை. எதிர்க்கரையில் சிம் சா சூயியில் தங்குங்கள். அங்கேயே நேதன் சாலையில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்கிற பழைய கட்டடத்தில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும், சைவமும் உண்டு. அங்கே அறைகளும் மலிவு, ஆனால் ரொம்பக் குறுகல், லிப்டுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு பெண்களாகப் போனால் சாப்பாட்டுக்கு மட்டும் அங்கே போய், தங்குவது வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சிம் சா சூயியிலிருந்து ஸ்டார் படகில் ஏறினால் வான்சாய் துறையில் இறக்கிவிடும், அங்கிருந்து மையம் நடக்கிற தூரம்தான். படகில் வரும்போது முழுக் கட்டடமும் தண்ணீர் மேல் தெரியும், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ரயில் வேண்டுமென்றால் 2022 மே மாதத்திலிருந்து 'கண்காட்சி மையம்' என்ற பேரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது.

ஸ்டாலில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்தவரின் விசிட்டிங் கார்டை அந்தப் பக்கத்திலேயே ஸ்டேப்ளர் அடித்து, எந்தப் பெட்டியைப் பார்த்தார், என்ன கேட்டார் என்று அப்போதே எழுதுங்கள். சாயங்காலம் அறைக்குப் போய் நினைவிலிருந்து எழுதலாம் என்றால் முகமெல்லாம் கலங்கிவிடும். கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், அது அங்கே மரியாதை. சாயம் போட்ட ஓலை என்றால் என்ன சாயம் என்று கேட்பார்கள். ஐரோப்பாவில் துணி, தோல் பொருட்களில் அசோ என்கிற வேதிச் சாயங்களில் சிலவற்றுக்குத் தடை இருப்பதால் பெட்டிக்கும் அந்தக் கேள்வி வரும். கடையில் வாங்கிய சாயப்பொடியின் பேரும் தயாரித்தவர் பேரும் எழுதி வையுங்கள். சாயமே போடாத வெள்ளை ஓலையை முன்னால் வைத்தால் இன்னும் நல்லது.

விலைக்கு வருகிறேன். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், நொய்டாவுக்கும் இதே கணக்குதான். ஒரு பெட்டியை எடுத்து, ஓலை வாங்கியது, வேகவைத்து உலர்த்தியது, கிழித்தது, முடைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். வேகமாக முடைகிற அக்காவை வைத்துப் பார்க்காதீர்கள், நடுத்தரமாக முடைகிறவரை வைத்துப் பாருங்கள். அந்த நேரத்துக்கு நியாயமான கூலி போடுங்கள். கழிவு போகிற பெட்டிக்கு ஒரு பங்கு சேருங்கள். பிறகு அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி, துறைமுகச் செலவு, முகவர் கூலி. எல்லாம் சேர்த்து தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கிற விலையாக அமெரிக்க டாலரில் எழுதுங்கள். ஹாங்காங் டாலரில் கேட்டால் குழம்ப வேண்டாம், ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 7.8 என்று 1983-லிருந்தே கட்டி வைத்திருக்கிறார்கள்.

பெட்டிக்குக் கனம் கிடையாது, இடம்தான் அடைக்கும். கப்பலில் கன மீட்டருக்குக் கணக்கு. 20 அடி கன்டெய்னர் என்பது 33 கன மீட்டர்தான். சும்மா அடுக்கினால் காற்றைத்தான் ஏற்றுமதி செய்வீர்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவையும் ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி முடையுங்கள், மூன்றையும் சேர்த்து ஒரு செட்டாக விலை போடுங்கள். ஒரு அட்டைப்பெட்டியில் எத்தனை செட், அதன் நீள அகல உயரம் என்ன, எடை என்ன என்று விலைத் தாளிலேயே இருக்கட்டும். பாதி முன்பணம் இல்லாமல் முதல் ஆர்டரைத் தொடங்கவே வேண்டாம். மீதிப் பணத்துக்கு ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீடு உண்டு, வங்கியில் கேளுங்கள்.


முளகுமூடு ஓலை எழுதியது:

அக்கா, இதை அப்படியே அச்செடுத்துக் குழுவில் வாசிக்கிறேன். ஏப்ரல் ஸ்டால் இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். சனிக்கிழமை கூடும்போது மூன்று அளவில் ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி முடைந்து பார்க்கிறோம். மூடியோடு உள்ளே போகுமா, மூடியைத் தனியாக அடுக்க வேண்டுமா என்பதுதான் இப்போது சந்தேகம். நேரக் கணக்கும் அன்றைக்கே பார்த்துவிடுகிறோம். திங்கள்சந்தை அண்ணன், கவுன்சிலில் உறுப்பினர் ஆக என்னென்ன தாள்கள் வேண்டும் என்று தெரிந்தால் எழுதுங்கள்.


திங்கள்சந்தை எழுதியது:

குறியீட்டு எண், பான் கார்டு, வங்கிச் சான்று, குழுவின் பதிவுச் சான்று முதலில் தயார் செய்யுங்கள். குழுப் பேரில் பான் இருக்கிறதா? தனி ஆள் பேரில் எடுத்தால் பின்னால் குழுவுக்குள் தகராறு வரும், அதனால் குழுப் பேரிலேயே எடுங்கள். மூடியைத் தனியாக அடுக்குவதே நல்லது என்று நினைக்கிறேன், உள்ளே வைத்து அழுத்தினால் விளிம்பு ஒடியும்.